எண்ணெய் பாட்டிலில் போட்ட கோடு

இல்ல சார், எனக்கு வேண்டாம். நீங்க சாப்பிடுங்க. ஒரு நிமிஷம், பிரிக்கறதுக்கு முந்தி அந்தச் சிப்ஸ் பாக்கெட்டை இப்படிக் குடுங்க. அறுபது கிராம்னு போட்டிருக்கான். இருக்காது. கையில வச்சாலே தெரியுது. அம்பத்தஞ்சுக்கு மேல ஒரு கிராம் இருந்தா என் பேரை மாத்திக்கறேன். சரி, பிரிங்க. ஓடற பஸ்ல நாம என்ன பண்ண முடியும்.

எண்ணெயில பொரிச்சதை நானா விட்டு ரெண்டரை மாசமாச்சு. டாக்டர் சொல்லி இல்ல. எனக்கு ஒண்ணும் கெடையாது. ரெண்டு லேப்ல பாத்தாச்சு. சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் எல்லாம் சரி. எதுக்கு ரெண்டு லேப்புன்னு கேக்கறீங்களா? முதல் லேப்காரன் உண்மையத்தான் சொல்றான்னு எனக்கு எப்படித் தெரியும்?

என் பேரு தைரியநாதன். திருச்சி பாலக்கரை. முத்திரை ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். கடைக்கடையாப் போயி தராசு, எடைக்கல்லு, லிட்டர் அளவு எல்லாம் சரியா இருக்கான்னு பாத்து முத்திரை வைக்கிற வேலை. முப்பத்தோரு வருஷம். எடைக்கல்லுக்கு அடியில குடைஞ்சு ஈயத்தை எடுத்துட்டு மெழுகை அடைச்சு வச்சிருப்பான். தட்டுக்குக் கீழ புளிய ஒட்டி வச்சிருப்பான். பாத்தா சாமி கும்பிட்டுக் கடை தொறக்கிற ஆளாத் தெரியும். சந்தேகப்படறது எனக்குக் கெட்ட குணம் இல்ல சார். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க.

வீட்லயும் அப்படித்தான். செலின் காய் வாங்கிட்டு வந்தா நான் ஒரு தடவை நிறுத்துப் பாப்பேன். செலின் என் சம்சாரம். அரைக் கிலோ பீன்ஸ்னு வாங்கிட்டு வருவா, நானூத்தி முப்பதுதான் இருக்கும். "பாத்தியா, ஏமாத்திட்டான்"ம்பேன். அவ பீன்ஸை எடுத்து ஆய ஆரம்பிச்சிருவா. முப்பத்தி நாலு வருஷம் தெனமும் சொல்லியிருக்கேன், ஒரு நாளாவது காய்க்காரன்கிட்ட சண்டை போட்டிருப்பாளா? கெடையாது. நல்லவ சார். ஆனா வெவரம் பத்தாது.

எனக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் காப்பியும் உருளைக்கிழங்கு ஃபிங்கர் சிப்ஸும் வேணும். மத்ததுல நான் எதுவும் கேக்கறதில்ல. குழம்பு எப்படி இருந்தாலும் சாப்பிடுவேன். கிழங்கை விரல் கனத்துக்கு வெட்டி, கொதிக்கிற எண்ணெயில போட்டு, மொறுமொறுன்னு எடுத்து, மேல மொளகாத்தூளும் உப்பும் தூவி. கல்யாணம் ஆன மொத வாரத்துலேருந்து அது உண்டு.

இந்த வருஷம் ஈஸ்டர் தவக்காலம் ஆரம்பிக்கிற விபூதிப் புதனுக்கு ஒரு வாரம் முன்னாடி, எம் மக அமலி கோயம்புத்தூர்லேருந்து வந்தா. அங்க காலேஜ்ல வேலை. சொல்லாமக் கொள்ளாம வந்தா. கூடவே ஒரு பெரிய பெட்டி. பிரிச்சா, ஓவன்.

"எதுக்கும்மா இது?"ன்னேன்.

"எண்ணெய் இல்லாம எல்லாம் செய்யலாம்ப்பா. ஒடம்புக்கு நல்லது."

"யார் ஒடம்புக்கு?"

அமலி செலினைப் பாத்தா. செலின் தரையப் பாத்தா. "எல்லார் ஒடம்புக்கும்தான்"னு சொன்னா அமலி. அந்த ஒரு பார்வை போதும் சார் எனக்கு. கடைக்காரன் ஆபீசரைப் பாத்ததும் கல்லாப்பெட்டிக்குக் கீழ ஒரு பார்வை பாப்பான் பாருங்க, அந்தப் பார்வை.

மூணு நாள் இருந்தா. ரெண்டு பேரும் அடுப்படியில குசுகுசுன்னு பேசுவாங்க. நான் தண்ணி குடிக்கப் போனா பேச்சு நின்னுரும். "உருளைக்கிழங்கை அரை மணி நேரம் பச்சைத் தண்ணியில ஊறப்போடணும்மா"ன்னு அமலி சத்தமா ஆரம்பிப்பா. அதுவரைக்கும் அதையா பேசிக்கிட்டிருந்தாங்க?

செய்முறை எனக்கு மனப்பாடம். ஊறவச்ச கிழங்கை வடிச்சு, பருத்தித் துண்டுல ஈரம் போகத் தொடைக்கணும். ரெண்டு ஸ்பூன் எண்ணெய், உப்பு, மொளகுத்தூள் போட்டுப் பெரட்டணும். ஓவனை இருநூத்தி இருபதுல மொதல்லயே சூடாக்கி வச்சு, தட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமப் பரப்பி உள்ள வைக்கணும். இருபது நிமிஷம் கழிச்சுத் திருப்பிப் போட்டு இன்னொரு பதினைஞ்சு நிமிஷம். அவ்வளவுதான்னா அவ்வளவுதான்.

மொத நாள் சாப்பிட்டேன். மொறுமொறுன்னுதான் இருந்துச்சு. அதுதான் எனக்கு இடிச்சுது. ரெண்டு ஸ்பூன் எண்ணெயில எப்படி சார் மொறுமொறுப்பு வரும்? இவ நான் பேப்பர் வாங்கப் போற நேரத்துல கடாயில பொரிச்சு எடுத்து, ஓவன்ல சும்மா சூடு பண்ணிக் காட்றாளோன்னு தோணுச்சு. நேரே கேக்கறது என் வழக்கமில்ல. கேட்டா உஷாராயிருவாங்க. எண்ணெய் பாட்டில்ல மட்டத்துக்கு நேரா பேனாவால சின்னதா ஒரு கோடு போட்டேன், பின்பக்கம், லேபிள் ஓரமா. பத்து நாள் தெனமும் பாத்தேன். ரெண்டு ஸ்பூன் கொறையும், தாளிக்கிறதுக்குக் கொஞ்சம் கொறையும், அதுக்கு மேல ஒரு சொட்டு கொறையல. பதினோராம் நாள் பாட்டிலை எடுத்துப் பாக்கறேன், நான் போட்ட கோட்டுக்கு நேர் கீழ இன்னொரு கோடு. அன்னைய மட்டத்துக்குச் சரியா அவ போட்டிருக்கா. கோடு மட்டும்.

நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பரவாயில்ல, கணக்கா இருக்கக் கத்துக்கிட்டான்னு சந்தோஷப்பட்டேன்.

ஆனா அப்பறம்தான் யோசிச்சேன். ஏமாத்தல, நெசமாவே எண்ணெயைக் கொறைச்சுட்டாங்கன்னா, எதுக்குக் கொறைச்சாங்க? எனக்கு என்னமோ இருக்கு. எங்கிட்ட மறைக்கிறாங்க.

அப்படி நெனச்சுப் பாக்க ஆரம்பிச்சதும் எல்லாம் பொருந்திப் போச்சு சார். மத்தியானம் சாப்ட்டு நான் படுப்பேன். செலினும் பக்கத்துல படுக்கறவதான். இப்ப படுக்கறதில்ல. செவத்துல ரெண்டு தலகாணிய முட்டுக்குடுத்து உக்காந்தே இருக்கா. நான் கண்ணைத் தொறந்தா என்னையே பாத்துக்கிட்டிருக்கா. எதுக்கு? எனக்கு மூச்சு ஓடுதான்னு பாக்கறா! வேற எதுக்கு ஒரு பொம்பளை படுக்காம உக்காந்திருப்பா?

கோயிலுக்கு நடந்து போறவ ஆட்டோவுல போக ஆரம்பிச்சா. எனக்காக வேண்டிக்க ஃபாதர்கிட்டச் சொல்லிட்டு அவசரமாத் திரும்பி வர்றதுக்குன்னு புரிஞ்சுக்கிட்டேன். மாடிக்குத் துணி காயப்போடப் போனா, பாதிப் படியில உக்காந்து கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு இருக்கா. "என்ன?"ன்னா, "சும்மா"ங்கறா. தனியா உக்காந்து அழுதுட்டு வர்றான்னு நெனச்சேன். எனக்கே பாவமாப் போச்சு.

சிப்ஸ் தட்டுல முக்கால்வாசிய எம் பக்கம் தள்ளிட்டு, "நீங்க சாப்பிடுங்க"ம்பா. சாகப்போறவனுக்குத்தானே அப்படிக் குடுப்பாங்க?

ஒரு நாள் பீரோவைத் தொறந்தேன், புடவைக்கு அடியில பச்சைக் கலர் ஃபைலு ஒண்ணு. ஓரம் தெரியுது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி பேரு. இழுக்கப் போறேன், செலின் வந்துட்டா. பீரோக் கதவைச் சாத்தி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டா. சாவிய இடுப்புல சொருகறவ இல்ல சார் அவ.

அப்பத்தான் லேப்புக்குப் போனேன். தனியா. சொல்லாம. வெறும் வயித்துல போயி ரத்தம் குடுத்தேன். ரிசல்ட் எல்லாம் சரின்னு வந்துச்சு. சரி, அமலி முன்கூட்டியே ஃபோன் பண்ணிச் சொல்லி வச்சிருப்பாளோன்னு, அவளுக்குத் தெரியாத எடமா, ஸ்ரீரங்கத்துல ஒரு லேப்புக்குப் போனேன். அங்கயும் சரி. ஈசிஜி எடுத்தேன். சரி.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! ஒண்ணுமே இல்லாதவனை நோயாளியாக்கி, ஒண்ணரை மாசம் வேகவச்ச கிழங்கைத் தின்ன வச்சுட்டாங்களே!

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறு அன்னிக்குச் சாயங்காலம். காலைப் பூசையில குடுத்த குருத்தோலை மேசையில கெடக்கு. அது பக்கத்துல ரெண்டு லேப் ரிப்போர்ட்டையும் விரிச்சு வச்சேன். "படி"ன்னேன்.

செலின் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிச்சா. மெதுவாப் படிச்சா. படிச்சு முடிச்சு, "நல்லதுங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்ல"ன்னா.

"இல்லன்னு உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியுமே."

"அப்பறம் எதுக்குடி இந்த நாடகம்? கடாய வை. எண்ணெய ஊத்து. இன்னிக்கு எனக்கு ஒழுங்காப் பொரிச்ச சிப்ஸ் வேணும்."

அவ என்னமோ சொல்ல வாயெடுத்தா. நான் கையக் காட்டினேன். அவ எந்திரிச்சுப் போயி கிழங்கைச் சீவினா. வெட்டினா. கடாய வச்சு எண்ணெய ஊத்தினா. நான் அடுப்படி வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். ஏப்ரல் மாச வெக்கை, அடுப்புச் சூடு வேற. ஒரு ஈடு எடுத்தா. ரெண்டாவது ஈடு போட்டா. எண்ணெய் வடிக்கிற சாரணிய மேடையில வச்சா. அப்படியே அலமாரியப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்தா. முகமெல்லாம் வேர்வை. எடது கையத் தூக்க முடியல.

சார், நான் ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொன்னதில்ல. நான் அடுப்பைத்தான் மொதல்ல அணைச்சேன். அணைச்சுட்டு நின்னேன். நின்னு அவளைப் பாத்தேன். ஒரு நிமிஷம் இருக்கும். ஒரு நிமிஷம்னா அறுபது செகண்டு, எனக்கு அளவு தெரியும். "என்ன நடிப்பு இது"ன்னு கேட்டேன்.

அவ என்னைப் பாத்தா. கோவமா இல்ல. காய்க்காரன்கிட்ட ஏமாந்துட்டேன்னு நான் சொல்றப்ப எப்படிப் பாப்பாளோ அப்படித்தான். இடுப்புலேருந்து சாவிய எடுத்து நீட்டினா. "பீரோவுல பச்சை ஃபைலு. எடுத்துட்டு வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போணும்."

ஆட்டோவுல அவ எந்தோள்ல சாஞ்சிருக்கா. நான் ஃபைலைத் தொறந்து பாக்கறேன். செலின், வயசு அம்பத்தெட்டு. செலின், பெண். ஒவ்வொரு பக்கமாத் திருப்பினேன், எங்கயாவது எம்பேரு இருக்கான்னு. கடைசிப் பக்கம் வரைக்கும் இல்ல.

பொங்கலுக்கு மக வீட்டுக்குப் போயிருந்தப்பவே நெஞ்சு வலிச்சிருக்கு. அமலி கூட்டிட்டுப் போயிக் காட்டியிருக்கா. இருதய ரத்தக்குழாயில ரெண்டு எடத்துல அடைப்பு. உடனே ஸ்டென்ட் வைக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கான். ஈஸ்டர் முடியட்டும்னு இவ மாத்திரைய வாங்கிட்டு வந்துட்டா. கால்வலி மாத்திரைன்னு எங்கிட்டச் சொல்லித் தெனமும் போட்டுக்கிட்டிருந்தது அதைத்தான்.

திருச்சியிலயே ஒரு ஆஸ்பத்திரியில சேத்தோம். அன்னிக்கே ஸ்டென்ட் வச்சாங்க. நான் டாக்டர்கிட்ட, வைக்கிறது எத்தனை மில்லிமீட்டர், வந்த பெட்டியக் காட்டுங்க, பழைய சரக்கு இல்லன்னு எப்படி நம்பறதுன்னு கேட்டேன். கேக்கணும்ல? அமலி அப்பத்தான் கோயம்புத்தூர்லேருந்து வந்து சேந்தா. "அப்பா, நீங்க கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க"ன்னு சொல்லி என் கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போயி உக்கார வச்சா. சின்னப் புள்ளைய உக்கார வைக்கிற மாதிரி.

மறுநாள் செலின்கிட்டக் கேட்டேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"ன்னா.

அதுக்கு ஒரு காரணம் இருக்கு சார். ரெண்டு வருஷம் முன்னாடி, மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னு சொன்னா. நான் அவளைத் தராசு மேல ஏத்தி நிறுத்தினேன். அறுபத்தெட்டு புள்ளி நாலு. "எடை கூடிப்போச்சு, அதான். எடை பொய் சொல்லாது"ன்னேன். தோள்பட்டை வலின்னா, வாயுன்னேன். என் சிநேகிதன் ஒருத்தனுக்கு ஸ்டென்ட் வச்சப்ப, எல்லாம் கொள்ளைன்னு ஒரு வாரம் பேசியிருக்கேன். அதையெல்லாம் ஞாபகம் வச்சிருக்கா. சரி, நான் சொன்னது தப்பு. ஒத்துக்கிட்டேன். அவகிட்டயே ஒத்துக்கிட்டேன். "பரவாயில்லங்க"ன்னா. அதோட முடிஞ்சுது.

ஆஸ்பத்திரியிலேருந்து நேரா அமலி கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. பத்து நாள்னா. பத்து நாள் இருபதாச்சு. இப்ப ரெண்டரை மாசம். இது நான் போறது நாலாவது தடவை.

அன்னிக்கு அவ பொரிச்ச அந்த ஒரு ஈடு சிப்ஸ், ஆஸ்பத்திரியிலேருந்து நான் வீட்டுக்கு வந்தப்ப, மேடையிலயே இருந்துச்சு. எறும்பு மொய்ச்சுக்கிட்டு. அதை அள்ளிக் கொட்டினவன்தான், அப்பறம் கடாய எடுக்கல.

ஃபிரிட்ஜ் மேல அவ கையால எழுதின செய்முறைக் காகிதம் இருக்கு. அதைப் பாத்து நானே ஓவன்ல செய்ய ஆரம்பிச்சேன். மொத தடவை களியா வந்துச்சு. ரெண்டாவது தடவையும். எதையோ வேணும்னே எழுதாம விட்டிருக்காளோன்னு சந்தேகமா இருந்துச்சு. ஃபோன் போட்டுக் கேட்டேன்.

"ஈரம் போகத் தொடைச்சீங்களா?"

"தொடைச்சேன்."

"பொய்"னு சொல்லிட்டுச் சிரிக்கறா சார். சிரிக்கறா! முப்பத்தி நாலு வருஷத்துல அவ அப்படிச் சத்தம் போட்டுச் சிரிச்சு நான் கேட்டதில்ல. எனக்கு அப்பவே திக்குன்னுச்சு. ஒடம்பு சரியில்லாதவ எதுக்குச் சிரிக்கணும்? எதையோ மறைக்கத்தானே?

நல்லாத் தொடைச்சேன். வந்துச்சு. இப்ப பழகிட்டேன்.

போன தடவை போயிருந்தப்ப அவ வீட்ல இல்ல. பார்க்குக்கு நடக்கப் போயிருக்கான்னா அமலி. தெனமும் முக்கால் மணி நேரமாம். அங்க கோயில்ல பாட்டுக் குழுவுல வேற சேந்திருக்காளாம். கல்யாணத்துக்கு முன்னாடி பாடுவாளாம், எனக்கு அதெல்லாம் தெரியாது. வந்தா. ஆளு கருத்திருந்தா, ஆனா தெளிவா இருந்தா. நான்தான் அன்னிக்கு அவங்க அடுப்படியில நின்னு கிழங்கை வெட்டி, ஊறவச்சு, தொடைச்சு, ஓவன்ல வச்சு எடுத்தேன். அவளை நாற்காலியில உக்கார வச்சுத் தட்டை நீட்டினேன்.

ஒண்ணு எடுத்துக் கடிச்சா. மெதுவா மென்னா. இன்னொண்ணு எடுத்தா. நாலு சாப்பிட்டா, எண்ணினேன்.

"நல்லா வந்திருக்குங்க"ன்னா. அப்பறம் தட்டைத் தள்ளி வச்சுட்டு, "உங்களுக்கே செய்ய வந்துருச்சு. இனி நான் இல்லாட்டியும் சமாளிச்சுக்குவீங்க"ன்னா.

கேட்டீங்களா சார்? நான் இல்லாட்டியும்!

அமலியத் தனியாக் கூப்பிட்டு, "டாக்டர் எத்தனை நாள் கெடு குடுத்திருக்கான்? உண்மையச் சொல்லு"ன்னேன். அவ புது ஃபைலை எடுத்துக் குடுத்தா. எல்லாம் நல்லா இருக்குன்னு போட்டிருக்கு. எனக்கா தெரியாது? காட்டறதுக்கு ஒரு ஃபைலு, மறைக்கிறதுக்கு ஒரு ஃபைலு வச்சிருப்பாங்க. கடைக்காரன் ரெண்டு படி வச்சிருக்க மாட்டானா? "அப்பா, அம்மாவுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. சத்தியமா. அவங்களே உங்ககிட்டப் பேசுவாங்க, கொஞ்சம் பொறுங்க"ங்கறா. கண்ணு கலங்குது அவளுக்கு. ஒண்ணுமில்லன்னா கண்ணு எதுக்குக் கலங்கணும்?

நேத்து செலினே ஃபோன் பண்ணினா. "நாளைக்கு வாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உக்காந்து பொறுமையாக் கேக்கணும்"னா. குரல்ல ஒரு நடுக்கமும் இல்ல. ஆஸ்பத்திரிப் படுக்கையில பேசின கொரலு மாதிரி இல்ல.

நான் ஒரு முடிவு பண்ணியிருக்கேன் சார். இந்தத் தடவை அவ என்ன சொன்னாலும் நம்பிரணும். ஃபைலைக் கேக்கக் கூடாது, டாக்டர் நம்பரைக் கேக்கக் கூடாது. இன்னும் ஆறு மாசம்தான்னு சொன்னாலும் சரி, ஆறு வாரம்னு சொன்னாலும் சரி, கையப் பிடிச்சுக்கிட்டு நம்பிரணும். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து கடைசி வரைக்கும் நானே வச்சுப் பாத்துக்கணும். மாடி ஏற வேண்டாம்னு அவ கட்டிலைக் கீழ எறக்கிப் போட்டாச்சு.

என்ன சார்? சத்தமாச் சொல்லுங்க, வண்டி எரைச்சல்ல கேக்கல.

திரும்பி வர்றேன்னு அவ சொன்னாளாவா? அதை எதுக்கு சார் சொல்லணும்? முப்பத்தி நாலு வருஷமா அவ இருக்கிற வீடு. பொங்கப் பானையிலேருந்து அவ வாங்கி வச்சதுதான் அத்தனையும். வராம எங்க போவா?

இல்ல. அவ சொல்லல.

நான் கேட்டேனாவா? கெடு எத்தனைன்னு கேட்டேன். மாத்திரை என்ன பேரு, எத்தனை மில்லிகிராம்னு கேட்டேன். பார்க்குல யார்கூட நடக்கறான்னு கேட்டேன். எல்லாத்தையும் கேட்டிருக்கேன் சார்.

அதைக் கேக்கல.

காங்கேயம் தாண்டியாச்சா? இன்னும் ரெண்டு மணி நேரம்கூட இல்ல.

நீங்க ஏன் சார் அதைக் கேட்டீங்க?